வார்டில் கற்பித்தது எவ்வளவு? கிளினிக்கல் டீச்சிங்கை எப்படி வகைபிரித்துக் கணக்கெடுக்கிறீர்கள்?

ஜூன் 3, 2025 – ஒரு வாசகரின் கேள்வி

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மாதம் எத்தனை மணி நேரம் கிளினிக்கல் டீச்சிங் (நோயாளியை வைத்துக் கற்பித்தல்) செய்தோம் என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். தியரி கிளாஸுக்குக் கணக்கு இருக்கிறது. வார்டுக்கு என்ன எழுதுவது? ரவுண்ட்ஸில் மாணவர்கள் பின்னால் நிற்கிறார்கள், அது கற்பித்தலா? ஓ.பி.யில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நோயாளி பார்த்தால் அந்த நேரம் சேருமா? சீனியர்கள் எல்லோரும் நாளுக்கு மூன்று மணி நேரம் என்று எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதிவிடட்டுமா?

ஜூன் 3, இரவு

அப்படியே எழுதாதீர்கள். அந்த மூன்று மணி நேரத்தை யாரும் வார்டில் பார்த்து எழுதவில்லை. 2019 பட்டதாரி மருத்துவக் கல்வி விதிமுறையில் கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மாணவர் வார்டில் கற்க வேண்டிய நேரம், வாரத்துக்கு 15 மணி, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு மூன்று மணி என்று இருக்கிறது. அதை டைம்டேபிளில் போடுகிறோம். மாதக் கடைசியில் அதே டைம்டேபிளைப் பார்த்து, நடந்ததாக எழுதித் தருகிறோம். விதி சொன்னதை விதிக்கே திருப்பிச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பேர் கொண்ட பேட்ச், நான்கு வார போஸ்டிங். ஒவ்வொரு மாணவர் பெயரிலும் 60 மணி நேரம் ஏறுகிறது. நாளுக்கு ஒரு கேஸ் பிரசன்ட் ஆகிறது (ஒரு மாணவர் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்) என்றால் 20 வேலை நாளில் 20 கேஸ், ஆளுக்கு ஒன்று. அந்த ஒன்றிலும் நேரமெல்லாம் ஹிஸ்டரியில், நோயாளி சொன்ன கதையில், போய்விடும். எக்ஸாமினேஷனை, "மேம், லிவர் ரெண்டு விரல் பால்பபிள்" (ஈரல் இரண்டு விரல் அளவு கைக்குத் தட்டுப்படுகிறது) என்று வாயால் சொல்லி முடித்துவிடுவார். அவர் எந்தப் பக்கம் நின்றார், கையை எங்கே வைத்தார், நோயாளியை மூச்சை இழுக்கச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. 60 மணி நேரத்தில், ஓர் ஆசிரியர் கண் முன்னால் அவர் நோயாளியைத் தொட்ட நேரம் சில நிமிடம் இருந்தால் அதிகம்.

அதனால் எத்தனை மணி என்று கேட்பதற்கு முன் எந்த வகை என்று கேட்க வேண்டும். நாளை எங்கள் யூனிட்டுக்கு (வார்டைப் பார்க்கும் மருத்துவர் குழு) அட்மிஷன் டே, புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள். அது முடிந்ததும் எழுதுகிறேன்.

ஜூன் 5

வகைபிரிப்பதற்குப் பல வழிகள் உண்டு. இடத்தை வைத்துப் பிரிக்கலாம்: வார்டு, ஓ.பி., தியேட்டர், கேஷுவாலிட்டி, டெமோ ரூம். நடத்துகிறவரின் பதவியை வைத்துப் பிரிக்கலாம். நம் படிவங்கள் இரண்டையும் கேட்கின்றன. இரண்டுமே எனக்குப் போதவில்லை. வார்டில் நடந்தாலும் நோயாளியை ஓரமாக விட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றி நின்று தியரி எடுப்பதுண்டு. அதைப் படிவம் பெட்சைட் கிளினிக் என்றே எழுதிக்கொள்ளும்.

நான் பிரிப்பது, யார் என்ன செய்கிறார் என்பதை வைத்து. நாங்கள் வைத்தியம் பார்க்கிறோம், மாணவர் உடன் நிற்கிறார். இது ஒன்று. நோயாளி இல்லாமல் நோயாளியைப் பற்றிப் பேசுகிறோம்: ஈ.சி.ஜி., எக்ஸ்-ரே, கேஸ் டிஸ்கஷன். இது இரண்டாவது. நாங்கள் செய்துகாட்டுகிறோம், அவர் பார்க்கிறார். அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொல்கிறார். அவர் செய்கிறார், நாங்கள் பார்க்கிறோம், அந்த இடத்திலேயே திருத்துகிறோம். கடைசியாக, ஒரு நோயாளியை அவர் பொறுப்பில் விடுகிறோம். அட்மிஷனிலிருந்து டிஸ்சார்ஜ் வரை அவர் தொடர்கிறார்.

முதல் நான்கும் எல்லாக் கல்லூரியிலும் தாராளமாக நடக்கிறது. ஐந்தாவதும் ஆறாவதும் தானாக நடப்பதில்லை, யாராவது மனதுவைத்தால்தான் நடக்கும். எண்ணுவதென்றால் அந்த இரண்டைத்தான் எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

ஆறாவதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. கிளினிக்கல் கிளர்க்‌ஷிப், லேர்னர்-டாக்டர் என்று 2019 விதிமுறை சொல்வது இதைத்தான். அட்மிஷன் நாளில் மாணவர் யூனிட்டோடு மாலை 6 மணி வரை இருக்க வேண்டும், வந்து சேரும் நோயாளிகளில் சிலரை அவருக்கு ஒதுக்க வேண்டும், ரவுண்ட்ஸில் அவரே பிரசன்ட் செய்ய வேண்டும். உங்கள் யூனிட்டில் நடக்கிறதா பாருங்கள்.

ஜூன் 6

இரண்டு பேர் தனிச்செய்தியில் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: தேசிய மருத்துவ ஆணையம் ஏற்கெனவே எல்லாவற்றையும் வகைபிரித்துத்தானே வைத்திருக்கிறது, நீங்கள் ஏன் புதிதாக ஒன்று?

இருக்கிறது. 2019 ஆகஸ்ட் பேட்சிலிருந்து வந்த திறன் அடிப்படைப் பாடத்திட்டத்தில் மூன்று தொகுதிகளில் 2,900க்கும் மேற்பட்ட திறன்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அறிவா, கைத்திறனா, அணுகுமுறையா என்று ஒரு பத்தி. எந்த மட்டம் என்று ஒரு பத்தி: கே, கே-ஹெச், எஸ்-ஹெச், பி. தெரியும், எப்படி என்று தெரியும், செய்துகாட்டுவார், தானே செய்வார். ஜார்ஜ் மில்லர் 1990-இல் போட்ட பிரமிடிலிருந்து வந்த படிகள். எந்தப் பாட முறை, எப்படி மதிப்பிடுவது, சான்றளிக்க எத்தனை முறை செய்ய வேண்டும் என்றுகூட இருக்கிறது. உழைத்துச் செய்த வேலை, நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அது மாணவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியல். நேற்று 11 மணிக்கு வார்டில் நடந்தது என்ன என்று அதில் எழுத இடமில்லை. கைத்திறன் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொது மருத்துவத்தில் வெனிபங்சர் (ரத்தம் எடுப்பது), ஐ.எம். (தசை) ஊசி, டிரிப் போட்டுச் சொட்டு வேகம் கணக்கிடுவது எல்லாம் மேற்பார்வையில் தானே செய்ய வேண்டியவை. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே இரைப்பைக்குப் போடும் குழாய்), யூரினரி கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எல்லாம் செய்துகாட்டும் வகை. லம்பார் பங்சர் (முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பது) பார்த்தால் போதும். நல்ல பிரிவுதான். லாக் புக்கில் (மாணவர் செய்ததைப் பதியும் ஏடு) இந்த மூன்றும் கடைசியில் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன, ஒரு கையெழுத்தாக. போஸ்டிங் கடைசி நாள் லாக் புக் கட்டு மேசைக்கு வரும். யார் எதைப் பார்த்தார், யார் எதைச் செய்தார் என்று அந்தக் கட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

ஜூன் 6, பிறகு

அதே பாடத்திட்டத்தில் உள்ள டி.ஓ.ஏ.பி. செஷனைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். செய்துகாட்டு, பார், உதவு, செய். என் மூன்றாவது வகையும் ஐந்தாவது வகையும் அதற்குள்ளேயே இருக்கின்றன, உண்மை. ஆனால் டைம்டேபிளில் டி.ஓ.ஏ.பி. என்று போட்ட மணியில் 'செய்துகாட்டு'வோடு நேரம் முடிந்துவிடுகிறது. கடைசி எழுத்து வரை போன செஷன் எத்தனை என்று கேட்டால் அந்தப் படிவமே உயிர் பெற்றுவிடும்.

ஜூன் 9

உடன் நிற்பதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். முதல் வகை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனது எனக்கே பிடிக்கவில்லை.

பாராக்வாட் என்ற களைக்கொல்லியைக் குடித்த பையன். வந்த அன்று நன்றாகப் பேசுவான், தண்ணீர் கேட்பான், அம்மாவைத் திட்டுவான். வீட்டார் பிழைத்துவிட்டான் என்றே நினைப்பார்கள். சில நாளில் கிட்னி போகும், நுரையீரல் இறுகும், பெரும்பாலும் நினைவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு முட்டும். இதை முதல் நாளே அப்பாவிடம் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது, எங்கே நிறுத்தி அவரை அழவிடுவது, 'மெட்ராஸுக்குக் கொண்டு போகலாமா' என்று அவர் கேட்கும்போது பொய் சொல்லாமல் எப்படி நிற்பது. இதை ஒரு மாணவனிடம் 'செய், நான் பார்க்கிறேன்' என்று விட முடியாது. பக்கத்தில் நின்றுதான் அவன் கற்றுக்கொள்ள வேண்டும். ஆட்காம் (அணுகுமுறை, நெறி, பேசும் முறை) வகுப்பில் நடித்துக்காட்டலாம்தான், அது வேறு.

ஆகவே உடன் நிற்பதில் இரண்டு உண்டு. ஏன் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்பது, கூட்டத்தோடு நிற்பது. வேறுபடுத்துவது எளிது. உள்ளே போவதற்கு முன் "இந்த அப்பாவிடம் நான் பேசப்போகிறேன், எதைக் கடைசியில் சொல்கிறேன் என்று கவனி" என்று ஒரு வரி சொன்னோமா? வெளியே வந்து ஒரு நிமிடம் பேசினோமா? இந்த இரண்டும் இருந்தால் அதைக் கற்பித்தல் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் மாணவர் வார்டில் இருந்தார் என்று மட்டும் எழுதுங்கள்.

ஜூன் 10

"ரவுண்ட்ஸில் எத்தனை சதவீதம் வைத்தியம், எத்தனை சதவீதம் கற்பித்தல் என்று பிரிக்க முடியாதா?" – ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்தவர்.

பெரிய நாடுகள் பணம் போட்டு முயன்ற கேள்வி இது. ஆஸ்திரேலியாவில் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்கேற்ற நிதி தருவதற்காக 2011-இல் ஒரு தனி விலை நிர்ணய ஆணையம் அமைத்தார்கள். அது 2018-இல் கற்பித்தலுக்கும் பயிற்சிக்கும் என்றே ஒரு வகைப்பாடு வெளியிட்டது. வைத்தியத்திலிருந்து பிரித்து நிற்கும் கற்பித்தலை ஒரு பக்கம் வைத்தார்கள். வைத்தியத்தோடு பின்னி நடக்கும் கற்பித்தலை, அதாவது நம் ரவுண்ட்ஸை, தனியாக அளந்து விலை போட முடியாது, அது சிகிச்சைச் செலவிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். எனக்கு அது தோல்வியாகப் படவில்லை. நேர்மையான முடிவு.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1976-இல் கற்பிக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு என்று சிஃப்ட் என்ற கூடுதல் நிதி கொண்டுவந்தார்கள். கற்பிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாதாரண ஆஸ்பத்திரிக்கும் செலவில் என்ன வித்தியாசம் என்று பார்த்து, அதை மாணவர் எண்ணிக்கையோடு சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அந்த வித்தியாசத்தில் கற்பித்தல் மட்டுமா இருக்கிறது? சிக்கலான நோயாளி, ஆராய்ச்சி, பழைய கட்டடம் எல்லாம் இருக்கிறது. 90-களில் அதை இரண்டாகப் பிரித்தபோது, பெரும்பகுதி ஆஸ்பத்திரி வசதிகளுக்கு, சிறு பகுதிதான் மாணவர் வந்து போகும் போஸ்டிங்குக்கு என்று ஆயிற்று. 2013-இலிருந்து மாணவர் தலைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். பணம் மாணவரைப் பின்தொடர்கிறது, சரி. அந்தப் போஸ்டிங்கில் அவர் ஒரு வயிற்றையாவது தொட்டாரா என்று பணத்துக்குத் தெரியாது.

நம்மூர் அரசுக் கல்லூரியில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒரே சம்பளம், வைத்தியத்துக்கு ஒரு தலைப்பு, கற்பித்தலுக்கு ஒரு தலைப்பு என்று பிரித்துத் தருவதில்லை. எனவே நாம் அளப்பது நிதிக்காக அல்ல. பின் எதற்கு? மாணவருக்குக் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அப்படியானால் ஆசிரியரின் மணிகளை எண்ணுவதே தவறான முனை. மாணவருக்கு என்ன கிடைத்தது என்பதை எண்ண வேண்டும்.

இதுதான் என் முழு வாதமும். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஜூன் 10

மே 1-லிருந்து முகம் காட்டி வருகைப் பதிவு வந்திருக்கிறதே, அதைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர். ஆசிரியர் வளாகத்துக்குள் இருக்கிறாரா என்பதை அது சொல்லும். ஆளே இல்லாத கல்லூரியை ஆள் இருப்பதாகக் காட்டுவதைத் தடுக்கும், அதற்கு அது தேவை. வளாகத்துக்குள் வந்தவர் என்ன செய்தார் என்பது அதன் வேலை இல்லை. மாணவர் பக்கம் தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத வருகையும் அப்படித்தான்.

ஜூன் 14

யார் கற்பிக்கிறார் என்ற பத்தி.

படிவத்தில் பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் என்று மூன்று கட்டம்தான். என் மாணவர்களைக் கேட்டால் அவர்களுக்கு வார்டில் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு பட்டியலாக வருகிறார்கள். அட்மிஷன் டே மாலையில், கேஸ் ஷீட் எழுதிக்கொண்டே "இங்க வா, இந்தப் பக்கம் கிரெப்ஸ் கேளு" என்று நுரையீரலின் சடசடப்பைக் கேட்க ஸ்டெத்தைக் காதில் மாட்டிவிடுகிற பி.ஜி., அதாவது முதுநிலை மாணவர். வெயின் கிடைக்காத கையில் எங்கே தேடுவது என்று சொல்லித்தருகிற சி.ஆர்.ஆர்.ஐ. (ஹவுஸ் சர்ஜன்). இருபது வருடம் அதே வார்டில் நின்ற ஸ்டாஃப் சிஸ்டர். சொட்டு வேகத்தை என்னைவிட அவர் தெளிவாகச் சொல்லித்தருவார். ஊசி போட்டதும் ஷார்ப்ஸை (பயன்படுத்திய ஊசி, பிளேடு) எங்கே போடுவது என்பதை மாணவர்கள் அவரிடம்தான் கற்கிறார்கள், என்னிடம் இல்லை. இன்சுலின் போடும் முறையை நோயாளிக்கு விளக்கும் சிஸ்டர் பின்னால் ஒரு மாணவரை அரை மணி நிறுத்திப் பாருங்கள், அந்த அரை மணி எந்தப் படிவத்திலும் ஏறாது.

இவர்களை எண்ணாத எந்தக் கணக்கும் பாதிக் கணக்கு. எண்ணினால் இன்னொரு நன்மையும் உண்டு. பி.ஜி.க்குக் கற்பிக்க யாரும் சொல்லித்தருவதில்லை. அவர்தான் அதிகம் கற்பிக்கிறார் என்று தாளில் தெரிந்தால், ஒரு மணி நேரமாவது அதற்கு ஒதுக்கத் தோன்றும். ஐந்து படியில் ஒரு நிமிடத்தில் கற்பிக்கும் முறை ஒன்று 1992-லிருந்து இருக்கிறது. முதலில் மாணவரையே ஒரு முடிவு சொல்லவை, ஏன் என்று கேள், ஒரு பொது விதி சொல்லிக்கொடு, சரியாகச் செய்ததைச் சொல், தவறைத் திருத்து. கூட்டமான ஓ.பி.யிலும் இது முடியும். நான் பி.ஜி.க்களிடம் முதல் படியை மட்டுமாவது செய்யச் சொல்கிறேன்: நீங்கள் பதிலைச் சொல்வதற்கு முன் "உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள்.

ஜூன் 15

நேற்றையதற்கு ஒரு சேர்க்கை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்களே, அங்கே பல யூனிட்டில் பி.ஜி. இல்லையே, அங்கெல்லாம் கற்பித்தல் நலிந்துதான் இருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பி.ஜி. இல்லாத யூனிட்டில் மாணவருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஆள் குறைவு. உதவிப் பேராசிரியர் தானே ரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, மாணவரே பக்கத்தில் இருக்கிறார். பெரிய கல்லூரியில் 250 பேர் ஒரு வகுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவே முறை வர வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இடங்களில் காய்ச்சல், பாம்புக்கடி, விஷம் என்று நோயாளி நிறையவே வருகிறார்கள். மணிக்கணக்கில் இரண்டு கல்லூரியும் ஒன்றுபோலத் தெரியும். நான் சொல்லும் முறையில் எண்ணினால் புதிய கல்லூரி முன்னால் நிற்கக்கூடும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 19

நோயாளியைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

150 எம்.பி.பி.எஸ். இடத்துக்கு 605 படுக்கை வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 குறைந்தபட்சத் தரம் சொல்கிறது. படுக்கையை எண்ணலாம், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எண்ணலாம். ஆனால் கற்பிக்கப் பயன்படும் நோயாளி எல்லாக் கட்டிலிலும் இல்லை. நல்ல மைட்ரல் ஸ்டெனோசிஸ் மர்மர் (இதய வால்வு குறுகியதால் கேட்கும் ஒலி), தொப்புளைத் தாண்டி இறங்கிய மண்ணீரல், தெளிவான ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீர்) உள்ளவர் வார்டில் ஒன்றிரண்டு பேர்தான். அவர்கள் மேல்தான் எல்லாப் பேட்சும் போய் விழுகிறது. காலையில் இறுதியாண்டு, பிறகு இரண்டாம் ஆண்டு, மாலையில் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

மண்ணீரல் வீங்கிய ஒரு பெரியவர் என் வார்டில் இருந்தார், சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். இரண்டாம் ஆண்டுப் பையன் வலது பக்கம் தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தான். அவர் பொறுமையாக அவன் கையைப் பிடித்து இடது பக்கம் வைத்து, "எல்லாரும் இங்கதான் தம்பி பார்ப்பாங்க, கீழே இருந்து மேல வா" என்றார். வார்டே சிரித்தது. அவன் அதை வாழ்நாளில் மறக்க மாட்டான். அன்றைய சிறந்த ஆசிரியர் அவர்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் அவரை அன்று எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று நாங்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. பெரிய மண்ணீரலை அமுக்கினால் வலிக்கும், கிழியவும் கிழியலாம். கற்பித்தலை அளக்கிறோம் என்றால் கட்டில் பக்கமிருந்தும் அளக்க வேண்டும். இந்த நோயாளியை இன்று எத்தனை மாணவர் பரிசோதித்தார்கள், ஒவ்வொருவரும் கேட்டுவிட்டுத் தொட்டார்களா, யார் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்? எங்கள் யூனிட்டில் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன். கோடு அதிகமாகத் தெரிந்தால் அன்றைக்கு அவரை விட்டுவிட வேண்டும். பெண்கள் வார்டில் இதை இன்னும் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்: உடன் ஒரு பெண் இல்லாமல் ஆண் மாணவர் பரிசோதனை கிடையாது, திரை இழுக்காமல் யாருக்கும் கிடையாது.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. கோடு இல்லாத நோயாளிகளும் இருக்கிறார்கள். நாள்பட்ட சர்க்கரை, மூட்டு வலி, தூக்கமில்லை என்று வந்து படுத்திருப்பவர்கள். 'சைன்' (பரிசோதனையில் தெரியும் நோய் அடையாளம்) இல்லை என்று மாணவர்கள் தாண்டிப் போகிறார்கள். நாளை பி.ஹெச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) உட்கார்ந்தால் இவர்கள்தான் வரப்போகிறார்கள்.

ஜூன் 20

"மாணவர்களே வார்டுக்கு வருவதில்லை மேடம், பிறகு எதை அளக்க?"

வருவதில்லை என்பது முழுக்க உண்மையில்லை. கையெழுத்து வரை வருகிறார்கள், பிறகு நழுவுகிறார்கள். நூலகத்தில் போனை வைத்துக்கொண்டு நீட் பி.ஜி. (முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) வீடியோ பார்க்கிறார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? அந்தத் தேர்வில் 200 பல்விடைக் கேள்வி. ஒன்றிலாவது கை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களா? அவர்கள் எதிர்காலம் அந்த 200 கேள்வியில் தொங்குகிறது. வார்டில் மூன்று மணி நேரம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றால் அவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை என்பதை நம்மைவிட அவர்கள் சரியாக அளந்திருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு நோயாளியை ஒதுக்கிய நாளில் நழுவுகிறவர்கள் குறைவு. இது என் அனுபவம்.

கொரோனா காலத்துப் பேட்ச்களை நினைத்துப் பார்க்கிறேன். புதிய பாடத்திட்டத்தின் முதல் பேட்ச் சேர்ந்தது 2019-இல். 2020 மார்ச்சில் கல்லூரி மூடியது. இதய ஒலியை ஹெட்போனில் கேட்டார்கள். திறந்து வந்த பிறகு அவர்களில் சிலருக்கு நோயாளியின் பக்கத்தில் நிற்பதற்கே தயக்கம். எங்கே நிற்பது, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆன்லைன் வகுப்பு மணிக்கணக்கெல்லாம் பதிவேட்டில் ஒழுங்காகவே இருந்தது.

ஜூன் 27

எங்கள் யூனிட்டில் ஒரு வாரம் செய்து பார்த்ததை எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்கு.

ஆசிரியர்களை எதுவும் எழுதச் சொல்லவில்லை. நாள் முடிவில் மாணவர்களுக்கு ஓர் அரைத்தாள். பெயர் வேண்டாம். இன்று நீ ஒரு நோயாளியைப் பரிசோதிக்கும்போது யாராவது பார்த்தார்களா, பார்த்தவர் யார், என்ன சொன்னார். மூன்றாவது கேள்வி முக்கியம். பார்த்தேன் என்று யாரும் சொல்லிவிடலாம். என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுத, உண்மையில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "நன்றாகச் செய்தாய்" என்பதை நான் எண்ணவில்லை. "பெர்கஸ் பண்ணும்போது (விரலால் தட்டிப் பார்க்கும்போது) விரலை அழுத்தி வை, மணிக்கட்டிலிருந்து தட்டு" என்பதை எண்ணினேன்.

ஜான் நார்சினி 1995-இல் கொண்டுவந்த மினி-செக்ஸ் முறையின் அடிப்படையும் இதுதான்: ஒரு நோயாளி, சிறிது நேரம் நேரில் பார்ப்பது, உடனே கருத்துச் சொல்வது. அதில் மாணவரை மதிப்பிடுகிறார்கள். நான் அதே நிகழ்வைக் கற்பித்தலின் அலகாக எடுத்துக்கொண்டேன். ஒரு பார்வை, ஒரு திருத்தம், அது ஒன்று.

தாள்களைப் பிரித்துப் பார்த்ததில் சராசரி எனக்கு எதுவும் சொல்லவில்லை. பேட்சில் முன்னால் நிற்கிற சிலருக்கே திரும்பத் திரும்பக் கிடைத்திருந்தது. வாரம் முழுக்க வெறும் தாள் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பெயர் இல்லாததால் யாரென்று தெரியாது, கையெழுத்தை வைத்துத் தேடவும் விரும்பவில்லை. ஆனால் இருக்கிறார்கள். பெரும்பாலும் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், கேஸை ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கிப் பின்வரிசையில் நிற்பவர்கள் என்று என் ஊகம். அதற்குப் பிறகு எண்ணுவதை மாற்றிக்கொண்டேன். எத்தனை கிடைத்தது என்று கூட்டுவதை விட்டுவிட்டு, ஒன்றுமே கிடைக்காதவர் எத்தனை பேர் என்று மட்டும் பார்க்கிறேன். அந்த எண் குறைந்தால் போதும். பின்வரிசையிலிருந்து கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன். கேஸைத் தமிழில் சொல்லவிடுகிறேன், நோயாளி சொன்னதும் தமிழில்தானே. இரண்டாவது வாரத்திலிருந்து அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்கிறார்கள்.

ஜூன் 28

ஐந்தாவது வகையையே தூக்கிப்பிடித்து நான்காவதை – தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்வதை – ஒதுக்குகிறீர்கள், சிந்திக்கும் பழக்கம் அதில்தானே வருகிறது என்று ஒரு மூத்த பேராசிரியர் கேட்டிருக்கிறார். ஏற்கிறேன். கை ஒன்று, தலை ஒன்று. டயாக்னாசிஸ் எப்படிக் கட்டினார் என்பதை அவர் சொல்லித்தான் நான் கேட்க முடியும். அரைத்தாளில் ஒரு வரி கூட்டுகிறேன்: "உன் டயாக்னாசிஸ் ஏன் என்று யாராவது கேட்டார்களா?"

ஜூலை 2

இதை எல்லாத் துறைக்கும் கட்டாயமாக்கிப் பதவி உயர்வோடு சேர்த்துவிடலாம் என்று ஓர் உற்சாகமான யோசனை வந்திருக்கிறது. வேண்டவே வேண்டாம். சேர்த்த அடுத்த மாதமே அரைத்தாள்கள் கட்டாக வரும், எல்லாவற்றிலும் ஒரே வரி இருக்கும், லாக் புக் கதையேதான். இதை ஒரு யூனிட், தன் கண்ணால் தன்னைப் பார்ப்பதற்காகச் செய்ய வேண்டும். போஸ்டிங்குக்கு ஒரு வாரம் போதும். முடிவை டிபார்ட்மென்ட் மீட்டிங்கில் பேசுங்கள், டீன் அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். பெயர் போட்டு ஆசிரியரை ஆசிரியரோடு ஒப்பிடாதீர்கள். ஐ.சி.யூ. பார்க்கிறவருக்கு ஒரு வாரம் ஒன்றுமே வராமல் போகலாம், அவர் அன்று இரண்டு உயிரைப் பிடித்து வைத்திருப்பார்.

ஜூலை 4

முதலில் கேட்டவருக்கு, ஏனென்றால் உங்கள் படிவம் இன்னும் மேசையில் இருக்கும்.

மணிக் கட்டத்தில் டைம்டேபிள்படி உங்களுக்கு ஒதுக்கிய போஸ்டிங் நேரத்தை எழுதுங்கள். "ஒதுக்கப்பட்டது" என்று பக்கத்தில் தெளிவாகச் சேர்த்துவிடுங்கள். ரவுண்ட்ஸையும் ஓ.பி.யையும் நிமிடமாக உடைக்காதீர்கள். கீழே குறிப்பு என்று இடம் இருக்கும், யாரும் அதைத் தொடுவதில்லை. அங்கே எழுதுங்கள்: இந்த மாதம் பேட்சில் இத்தனை பேர், அதில் இத்தனை பேர் பரிசோதித்ததை நான் அல்லது என் யூனிட் பி.ஜி. நேரில் பார்த்துத் திருத்தினோம்; இத்தனை பேருக்கு அட்மிஷன் நோயாளி ஒதுக்கினோம். எண் சிறியதாக இருந்தால் சிறியதாகவே எழுதுங்கள். ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கூப்பிட்டுக் கேட்டால் நல்லது, பேச ஒரு வாய்ப்பு.

ஜூலை 5

அரைத்தாளின் வாசகம் வேண்டும் என்று பலர் கேட்டதால் இங்கேயே போடுகிறேன். பழைய கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் அச்சடிக்காதீர்கள், நோயாளி பெயர் இருக்கும். வெறும் தாளையே வெட்டிக்கொள்ளுங்கள். பெயர், ரோல் நம்பர் வேண்டாம். தேதி, வார்டு போதும்.

இன்று நீ எந்த நோயாளியையாவது பரிசோதிக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தாரா?

பார்த்தவர் யார்: பேராசிரியர், உதவிப் பேராசிரியர், பி.ஜி., சி.ஆர்.ஆர்.ஐ., சிஸ்டர், நோயாளியே?

என்ன சொன்னார், அவர் வார்த்தையிலேயே ஒரு வரி.

உன் டயாக்னாசிஸ் ஏன் என்று யாராவது கேட்டார்களா?

தொடுவதற்கு முன் நோயாளியிடம் உன் பெயரைச் சொன்னாயா?

வார்டு வாசலில் ஒரு பெட்டி வைத்தால் போதும். சேகரிக்கும் வேலையைப் பேட்ச் ரெப்பிடம் கொடுக்காதீர்கள், சிஸ்டரிடம் கொடுங்கள்.